அவர்கள் தோற்றால்தான் எனக்கு நித்திரை வருகிறது

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கத்தில் எழுதிய கடிதம் இது. சுருக்கித் தருகிறேன். ஊரையும் கழகத்தையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன்.

"அக்கா, எனக்கு வயது 33. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருக்கிறேன். குளக்கட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் ஒரு கழகம் இருக்கிறது. முந்தி இரண்டு ஊருக்கும் ஒரே கழகம், ஒரே உதைபந்தாட்ட அணி. மீள்குடியேறி வந்த பிறகு மைதானம் அவர்களுடைய கிராம அலுவலர் பிரிவுக்குள் வருகிறது என்றார்கள். பழைய பெயரையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். பிறகு மைதானத்துக்கு மண் போட்டு மின்விளக்கும் பூட்டினார்கள். நாங்கள் 2012 இல் வேறு பெயரில் தொடங்கி வயல் ஓரத்தில் விளையாடினோம். எங்களுடைய நல்ல பொடியன்கள் இரண்டு பேரைச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து இழுத்துக்கொண்டார்கள். மத்தியஸ்தர்மாரும் எப்போதும் அவர்கள் பக்கம்தான். போன வருசம் கிழமைக்கு இரண்டு பின்னேரம் தங்கள் விளக்கு வெளிச்சத்தில் வந்து பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த விளக்கு எங்களுக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் எங்கள் அணி வெல்வதைவிட அவர்கள் தோற்பதுதான் எனக்குச் சந்தோசம். அவர்கள் யாரோடு விளையாடினாலும் போய் மற்றப் பக்கத்துக்குக் கத்துவேன். அவர்கள் தோற்ற இரவில்தான் நல்ல நித்திரை வரும்.

சென்ற மாதம் அணிக்கு 9 பேர் கொண்ட சுற்றுப்போட்டி ஒன்றில் அவர்களுடைய முன்கள வீரன் ஒருவன் விழுந்து கால் முறிந்தது. புழுதிக்குள் யாரென்று தெரியவில்லை. நான் கை தட்டினேன். தூக்கிக்கொண்டு வரும்போதுதான் கண்டேன், அவன் என்னுடைய அக்காவின் மகன். 17 வயது. மாமா மாமா என்று என் சைக்கிள் பாரில் இருந்து வளர்ந்தவன். அத்தான் அந்தக் கழகத்தின் பொருளாளர். கழக அறைத் திறப்பு எப்போதும் அவருடைய இடுப்பில்தான் தொங்கும். நான் கை தட்டியதை யார் பார்த்தார்கள் என்று தெரியாது. மூன்று கிழமையாக அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் பொடியன்களோ அடுத்த முறை பார்த்துக்கொள்வோம் என்று சொல்லித் திரிகிறார்கள். நான் கெட்டவனா? இந்த வெறுப்பை எப்படி விடுவது?"

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஐந்து பக்கத்திலும் ஒரு விபரம் இல்லை: பொடியனின் கால் இப்போது எப்படி இருக்கிறது? எந்த எலும்பு, கம்பி வைத்தார்களா, கட்டு எப்போது வெட்டுவார்கள், பள்ளிக்கூடம் போகிறானா என்று ஒரு சொல்லும் இல்லை. மறந்து விட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் போகவில்லை, ஆகவே உங்களுக்குத் தெரியாது.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது மிகச் சின்ன விசயம். இந்தக் கிழமைக்குள் போய்ப் பாருங்கள். வெறுப்பை விட்ட பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். எலும்பு அவ்வளவு நாள் காத்திருக்காது. போனால் அவனிடம் "நீ விழுந்தபோது நான் கை தட்டினேன்" என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அது உங்கள் தலைப்பாரத்தை இறக்கி அவன் கட்டிலில் வைக்கிற வேலை. ஆனால் ஊர் சின்னது. யாராவது பார்த்திருந்தால் இந்நேரம் அக்காவின் காதுக்குப் போயிருக்கும். அவ கேட்டால் மறைக்க வேண்டாம். "ஓம் அக்கா, தட்டினேன். பிறகு இங்கே வர முகம் இல்லாமல் போய்விட்டது" என்று சொன்னால் போதும். அவ பேசுவா. பேசட்டும். பேச்சு வாங்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

"இவன் என்று தெரியாமல் தட்டிவிட்டேன்" என்பதை மட்டும் அக்காவிடம் சொல்ல வேண்டாம். ஏனென்றால் நான் உங்களிடம் கேட்க விரும்புகிற கேள்வியை அவ கேட்டுவிடுவா: விழுந்தது வேறு யாருடைய பொடியனாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்குமா?

கேள்வியை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கெட்டவனா என்றால், அந்த ஒரு கணத்தைக் கொண்டு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எதிரி தோற்கும்போது வரும் சந்தோசத்தை மூளைக்குள்ளேயே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பரம வைரிகளான இரண்டு பேஸ்போல் அணிகளின் ரசிகர்களை ஸ்கானருக்குள் படுக்க வைத்து, ஆட்டக் காட்சிகளைக் காட்டிச் செய்த ஆய்வு ஒன்று 2011 இல் வெளிவந்தது. தங்கள் அணி வெல்லும்போது மூளையில் எந்த இடம் மகிழ்ந்ததோ, வைரி அணி தோற்கும்போதும் அதே இடம்தான் மகிழ்ந்தது. மூன்றாவது அணி ஒன்றிடம் தோற்றாலும் அப்படித்தான். நீங்கள் யாரோ ஒரு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினீர்களே, அதேதான்.

இதுவரைக்கும் உங்களுக்கு ஆறுதல். அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. வைரி தோற்கும்போது அந்த இடம் கூடுதலாக வேலை செய்தவர்களே, மற்ற அணி ரசிகரைத் திட்டவும் அடிக்கவும் கூடத் தயங்க மாட்டோம் என்று கூடுதலாகச் சொன்னார்கள். "அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்" என்று உங்கள் பொடியன்கள் சொல்வதை நான் ஏன் சும்மா வாய்ப்பேச்சாக எடுக்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். மற்றக் காரணம் கொல்கத்தா. அங்கே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு கழகங்களுக்கு இடையிலான வைரம் வீட்டுச் சமையல் வரைக்கும் போகும்: ஒரு பகுதி வென்றால் இறால், மற்றப் பகுதி வென்றால் இலிஷ் மீன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதே இரண்டு கழகமும் 1980 ஓகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் விளையாடியபோது பார்வையாளர் பகுதியில் கலவரம் வந்து 16 பேர் செத்துப்போனார்கள். மீனும் இறாலும் சமைத்துக் கொண்டாடிய அதே சனம்தான். நீங்கள் செயலாளர். கையில் தடி எடுக்கப்போகிறவனை மைதானத்துக்குக் கொண்டுபோவதில்லை என்ற ஒரு முடிவை எடுக்க உங்களுக்கு நிர்வாகக் கூட்டமும் தேவையில்லை, என்னுடைய ஆலோசனையும் தேவையில்லை.

மத்தியஸ்தர் கதையை விட்டுவிடுவோம். மத்தியஸ்தர் தங்கள் பக்கம் நின்றார் என்று சொன்ன ஒரு ரசிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சப்பாத்துக் கதையில் உங்கள் மனவருத்தம் நியாயமானது; ஆனால் வெறுங்காலோடு கட்டாந்தரையில் ஓடிய பொடியன் சப்பாத்துக் கிடைத்த இடத்துக்குப் போனான் என்றால் அவனைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என்னை யோசிக்க வைத்தது அந்த விளக்குத்தான். எங்களுக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதும்போது உங்களுக்கு ஏதும் உறைத்ததா தெரியவில்லை. ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரே பள்ளிக்கூடத்துப் பொடியன்களை எடுத்து, ஒன்றுமில்லாத ஒரு காரணத்தைச் சொல்லி இரண்டாகப் பிரித்தார். நீ இந்த ஓவியரின் படத்தை விரும்பினாய், அவன் மற்றவரின் படத்தை விரும்பினான், அவ்வளவுதான். பிறகு இரண்டு பகுதிக்கும் காசு பங்கிடச் சொன்னார். தன் பகுதிக்குக் கூடிய காசு கிடைக்கும், ஆனால் மற்றப் பகுதிக்கு அதைவிடக் கூடக் கிடைக்கும் என்றொரு வழி இருந்தது. தன் பகுதிக்குக் குறையும், ஆனால் மற்றவர்களுக்கு அதைவிடக் குறையும் என்றும் ஒரு வழி இருந்தது. பொடியன்கள் பலர் பின்னதன் பக்கமே சாய்ந்தார்கள். இந்த ஆய்வு 1970 இல் வெளிவந்தது. வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவனுக்கு எதிராக, அப்போதுதான் பார்த்த ஓவியத்துக்காக!

உங்கள் அணிக்கு விளக்கு வெளிச்சத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் கிடைத்திருக்கும். பகலில் வயல் வேலைக்கும் கூலிக்கும் போகிற பொடியன்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று செயலாளருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதை வேண்டாம் என்று சொன்னபோது நீங்கள் அவர்களுக்கு நட்டம் வைக்கவில்லை. அவர்களுடைய விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இருட்டில் நிற்பது உங்களுடைய பொடியன்கள்.

சரி, நான் சாமியார் இல்லை. எனக்கும் ஒரு கழகம் பிடிக்காது. பெயர் சொல்ல மாட்டேன். என் தமையன்மார் பந்து அடித்த காலத்தில் வந்த கோபம், இன்றைக்கும் அந்தக் கழகத்தின் ஜேர்சி நிறத்தில் சேலை எடுக்க மாட்டேன். பொம்பிளைக்கு உதைபந்தில் என்ன கோபம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் மைதானத்தின் வேலிக்கரையில் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். ஆகவே வைரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பக்கத்து ஊர்க் கழகம் இல்லாத கழகம் உப்பில்லாத கூழ். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் துடுப்பாட்டத்தில் மோதி, அதை வடக்கின் பெரும் போர் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஒன்று இருந்தபடியால்தான் அந்தக் கொண்டாட்டம்.

ஆனால் உங்களுடையது அந்த மாதிரி வைரம் மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நீங்கள் லிவர்பூல் ரசிகர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கழகம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அன்ஃபீல்ட் மைதானத்தில் முதலில் விளையாடியது எவர்ட்டன். 1892 இல் மைதான வாடகையில் தொடங்கிய பிணக்கு முற்றி, எவர்ட்டன் பெயரையும் வீரர்களையும் கொண்டு பூங்காவுக்கு மற்றப் பக்கம் போய் குடிசன் பார்க்கில் குடியேறியது. மைதானத்தைக் கையில் வைத்திருந்தவர் ஆள் இல்லாத மைதானத்துக்கு ஒரு அணியை உருவாக்கினார். அதுதான் லிவர்பூல். ஒரே மைதானத்திலிருந்து பிறந்த இரண்டு கழகம், ஒரே வீட்டில் தகப்பன் ஒரு நிறம், மகன் ஒரு நிறம். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் அகப்பட்ட லிவர்பூல் ரசிகர்களில், பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து, 97 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் நகரத்துச் சனம் நீலக் கழுத்துத்துணியையும் சிவப்புக் கழுத்துத்துணியையும் ஒன்றோடொன்று முடிந்து, பூங்காவுக்குக் குறுக்காக ஒரு மைதானத்திலிருந்து மற்ற மைதானம் வரைக்கும் இழுத்துக் கட்டியது. அதற்குப் பிறகும் அவர்கள் வைரிகள்தான். விட்டுவிடவில்லை.

அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, தம்பி. அங்கே பிரியும்போது பெயர் ஒரு பக்கம் போனது, மைதானம் ஒரு பக்கம் நின்றது. இரண்டு பகுதிக்கும் கையில் ஏதோ மிஞ்சியது. உங்களுடைய பிரிவில் பெயரும் மைதானமும் ஒரே பக்கத்துக்குப் போய்விட்டன. இதில் உங்களுக்கு வரும் கோபத்தை வெறும் பொறாமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னும் ஒன்றும் அந்தப் பக்கம் போனது. மேலே கடிதத்தைச் சுருக்கும்போது ஒரு வரியை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நாலாம் பக்கத்தின் அடியில், விளக்குக்கும் மத்தியஸ்தருக்கும் நடுவில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள்: "2004 இல் கிண்ணம் எடுத்த அணியின் படம் அவர்களுடைய கழக அறையில் மாட்டியிருக்கிறது. அதில் என் அண்ணாவும் நிற்கிறார். அவரை 2009 இல் இழந்தோம். எங்களிடம் அவருடைய படம் ஒன்றும் இல்லை."

மத்தியஸ்தருக்கு ஒரு பக்கம், சப்பாத்துக்கு முக்கால் பக்கம், அண்ணாவுக்கு ஒரு அடைப்புக்குறி.

வன்னியில் இருபது வருசத்துக்குக் கிட்ட உளவளத்துணை செய்கிறேன். சனம் பெரிய விசயத்தைப் பெரிய எழுத்தில் எழுதாது என்று இங்கேதான் படித்தேன். வீட்டுக் கூரை, வளவு எல்லை, மாடு போனது பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே "அது மூத்தவன் இருக்கேக்குள்ள வாங்கின மாடு" என்பார்கள். அந்த இடத்தில்தான் என்னுடைய வேலை தொடங்கும்.

கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது பெட்டி போனது, அல்பம் போனது, பலருக்கு அடையாள அட்டைப் படம் கூட மிஞ்சவில்லை. உங்கள் வீட்டில் அண்ணாவின் முகம் இல்லை. அவருடைய முகம் இருக்கிற ஒரே சுவர் அவர்களுடைய சுவர். அந்த அணியின் தலைவர் வீட்டார் வெளிநாட்டிலிருந்து படத்தைப் பெருப்பித்து அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய பெயர் எங்கே இருந்ததோ அங்கே அனுப்பினார்கள். அதில் யாருடைய சூழ்ச்சியும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளங்குகிறது. மைதானத்தை எடுத்தார்கள், பெயரை எடுத்தார்கள், அண்ணாவையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒவ்வொரு முறை வெல்லும்போதும் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் கிண்ணத்தோடு படம் எடுக்கிறார்கள். தோற்றால் எடுப்பதில்லை. அவர்கள் தோற்ற இரவில் உங்களுக்கு ஏன் நித்திரை வருகிறது என்பதற்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை. என்னுடைய ஊகம் பிழையாகவும் இருக்கலாம்; நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இது சரியென்றால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர்கள் எத்தனை முறை தோற்றாலும் அந்தப் படம் உங்கள் வீட்டுக்கு வராது. உதைபந்தாட்டத்தில் வாங்க முடியாத ஒன்றை உதைபந்தாட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஒரு தோல்வி போதவில்லை, அடுத்ததும் வேண்டும், அடுத்ததும் போதாமல் ஒரு நாள் விழுந்தவனுக்கும் கை தட்டினீர்கள்.

இப்போது கழகங்களின் கதைக்கு வருவோம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் செயலாளரிடம் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. இந்த மாதிரிப் பகை வந்தால் பெரியவர்கள் உடனே சொல்லும் மருந்து சிநேகபூர்வ ஆட்டம். தயவுசெய்து வைக்க வேண்டாம். முசாபர் ஷெரிஃப் என்பவர் 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 11 வயது மட்டிலான 22 பொடியன்களை இரண்டு குழுவாக்கி ஒரு கோடைகால முகாமில் போட்டிக்கு விட்டார். சில நாட்களுக்குள் ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், குடிலுக்குள் புகுந்து சாமான்களைக் கொட்டினார்கள். சமாதானப்படுத்த இரண்டு குழுவையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார். சோற்றுக்கோப்பை பறந்தது என்று நாங்கள் சொல்வோமே, அதுதான் நடந்தது. சாப்பாட்டை எடுத்து ஒருவர்மீது ஒருவர் எறிந்தார்கள். சும்மா முகத்துக்கு முகம் பார்க்க வைத்தால் பகை தீராது. பிறகு முகாமுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆராய்ச்சியாளர்களே செய்த வேலைதான், பொடியன்களுக்குத் தெரியாது. இரண்டு குழுவும் சேர்ந்து குழாய் வழியே போய் அடைப்பைத் தேடிக் கண்டுபிடித்தன. இன்னொரு நாள் சாப்பாட்டு லொறி ஸ்டார்ட் வரவில்லை. முந்தி கயிறிழுத்தல் போட்டிக்கு எடுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் சேர்ந்து லொறியை இழுத்தார்கள். இப்படிச் சில நாள் போன பிறகு, திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகக் கேட்டார்களாம்.

அந்த ஆய்வைப் பற்றி விமர்சனம் நிறைய உண்டு. பெரியவர்களே கொளுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள் என்பது என் கருத்தும்கூட. ஆனால் அதே ஷெரிஃப் அதற்கு முந்தின வருசம் இன்னொரு இடத்தில் இதையே செய்து பார்த்தபோது நடக்கவில்லை. அங்கே பொடியன்களை முதலில் ஒன்றாகப் பழக விட்டுப் பிறகு பிரித்தார். பழகினவர்கள் சண்டை பிடிக்க மறுத்துவிட்டார்கள். உங்கள் கடிதத்தில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு இடம் இருக்கிறது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரங்களுக்கு நடுவில் சொப்பிங் பையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி அடித்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது பக்கத்தில் நின்று பந்து தந்தவன் எந்த ஊர்? இன்றைக்கு அவன்தான் அவர்களுடைய செயலாளர் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தண்ணீருக்கு வருவோம். உங்கள் இரண்டு ஊருக்கும் குளம் ஒன்று. காலபோகத்துக்கு முந்திப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இரண்டு ஊர்க் கமக்காரரும் ஒரே மண்டபத்தில் இருந்து, எந்தத் திகதிக்கு விதைப்பு, எப்போது துருசு திறப்பு, எந்த வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் என்று பேசி முடிக்கிறார்கள். சத்தம் வரும், சில வருசம் கை கூட ஓங்குவார்கள், ஆனால் தண்ணீர் வரும். அந்தக் கமக்காரரின் பிள்ளைகள்தான் இரண்டு கழகத்திலும் விளையாடுகிறார்கள். குளத்தில் முடிகிறது மைதானத்தில் முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்து இரண்டு கழகத்துக்கும் இப்போது பொதுவான தேவை ஒன்று இருக்கிறது, அது உங்கள் மருமகனின் காலிலேயே இருக்கிறது. அன்றைக்கு அவனைத் தூக்கியவர்கள் எப்படித் தூக்கினார்கள்? கையில் இரண்டு பேர், காலில் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். முறிந்த காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள்! 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் வந்து சேரும்வரை காலை அசையாமல் வைத்திருக்கத் தெரிந்த ஒருவர் மைதானத்தில் நிற்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறது. இரண்டு கழகத்திலிருந்தும் நாலு நாலு பேரை ஒரே பயிற்சிக்கு அனுப்பலாம். ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்கி இரண்டு கழகத்தின் ஆட்டத்துக்கும் கொண்டுபோகலாம். சுற்றுப்போட்டி நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை, காயப்பட்ட பொடியன் வைத்தியசாலைக்குப் போய்வரும் ஓட்டோக் காசுக்கு என்று ஒதுக்கலாம். இதில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. காசுக் கணக்கில் இரண்டு பொருளாளரும் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும், அது நல்ல சண்டை.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2005 இல் வெளியான ஒரு பரிசோதனையோடு, முதலில் விட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். மன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை அழைத்து, அவர்களுடைய கழகத்தைப் பற்றிப் பேச வைத்து, அடுத்த கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். யுனைடெட் ஜேர்சி போட்டிருந்தால் அநேகமாக எல்லோரும் உதவினார்கள். லிவர்பூல் ஜேர்சி என்றால் பெரும்பாலானோர் தாண்டிப் போனார்கள். இன்னொரு தொகுதி ரசிகர்களிடம் கழகத்தைப் பற்றிப் பேசாமல், உதைபந்தாட்ட ரசிகராக இருப்பதைப் பற்றிப் பேச வைத்தார்கள். இந்த முறை லிவர்பூல் ஜேர்சிக்காரனையும் தூக்கிவிட்டார்கள். அதே கழகத்தின் ரசிகர்கள், அதே ஜேர்சி, அதே கணுக்கால். வரும் வழியில் தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும்தான் வேறு. வேறு யாருடைய பொடியனாக இருந்தாலும் காலுக்குக் கை தட்டாமல் இருக்க முடியுமா என்றால், முடியும். அவர்கள் தோற்கிறபோது எவ்வளவும் கை தட்டுங்கள். மத்தியஸ்தர் விசில் அடித்து ஒருவன் எழும்பாமல் கிடந்தால் கை கீழே வரட்டும். உங்கள் கை கீழே வந்தால் பக்கத்தில் நிற்கும் பொடியன்களுடையதும் வரும். செயலாளரின் கையைப் பார்த்துத்தான் அவர்கள் தட்டுகிறார்கள்.

நித்திரையைப் பற்றியும் ஒன்று. போட்டி இல்லாத நாட்களிலும் நித்திரை வருவதில்லை, அண்ணாவின் நினைவு நாளை ஒட்டி உடம்பு நடுங்குகிறது, வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்றால் இதை உதைபந்தாட்டக் கணக்கில் எழுத வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். என்னிடம் வந்தாலும் சரி. அண்ணாவைப் பற்றிக் கதைக்க ஒரு பின்னேரம் ஒதுக்கி வைக்கிறேன். அடைப்புக்குறி இல்லாமல்.

அதற்கு முந்தி மருமகனைப் பார்க்கப் போங்கள். போன் சார்ஜ் முழுவதும் இருக்கட்டும். அண்ணாவின் அணிப் படத்துக்கு மேலே கண்ணாடி இருந்தால் வெளிச்சம் தெறிக்கும், ஆகவே சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்துதான் எடுக்க வேண்டும். எடுத்ததை முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தால் அண்ணாவை மட்டும் பிரித்துப் பெருப்பித்துத் தருவார்கள். அம்மா இருந்தால் முதல் பிரதி அவவுக்கு. யாரிடம் அனுமதி கேட்பது, எப்படி உள்ளே போவது என்று தயங்க வேண்டாம். திறப்பு அத்தானின் இடுப்பில்தான் தொங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.